ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அச்சகத்தில் பிழை திருத்த என் மேசைக்கு வந்த புரூஃப் யாருடையது? அண்ணனுடையது. விரைவுச்சாலை திறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றனவாம். சாலை ஆணையம் மலர் போடுகிறது. 'நம் விரைவுச்சாலை: பாதை, வரலாறு, வரவிருக்கும் மேம்பாடுகள்.' எழுதியவர் துணைத் தலைமைப் பொறியாளர், அதாவது என் கூடப்பிறந்தவர். வேறு அச்சகமே இல்லையா? இருக்கிறது. "என் தங்கச்சி பாத்தா ஒரு புள்ளி தப்பாது" என்று முதலாளியிடம் சொன்னாராம். பெருமையாம்.

முதல் அத்தியாயம் பாதை. துறைமுகத்தில் தொடங்குகிறது, தானியக் கிடங்குகளைத் தாண்டுகிறது, கல்குவாரியை ஒட்டி வளைகிறது, ஆற்றைக் கடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி வழியாகச் சந்தை நகரத்தில் முடிகிறது. ஆற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு ஊர் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் மேட்டின் மேல்தான் அந்தச் சாலை ஓடுகிறது. கொடியில் காயப்போட்ட துணியில் படிவது அதன் புகை. புகை எங்களுக்கு, சத்தம் எங்களுக்கு. ஏறத்தான் வழியில்லை.

கீழே இறங்குவழிகளின் அட்டவணை. 5 தானியக் கிடங்கு. 6 கல்குவாரி. 8 பெரிய ஆஸ்பத்திரி. 9 சந்தை நகரம். ஏழு எங்கே என்று கேட்க ஆணையத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு எங்களுக்கென்று ஒதுக்கிய எண். மண் கொட்டி மேடு எழுப்பி, பக்கச்சுவர் கட்டி, ஜல்லி பரப்பி, தார் போடும் நேரத்தில் பணம் இல்லை என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அடிவாரத்தில் ஓர் இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. எங்கள் ஊரில் ஒருத்தன் "ஏழு திறந்ததும் கல்யாணம் பண்ணிக்கிறேன்" என்றால் அவன் கட்டைப் பிரம்மச்சாரி என்று அர்த்தம்.

சிரிப்பாகத்தான் இருந்தது, போன வருஷம் வரைக்கும்.

மார்ச் 4, புதன்

முன்னுரையில் 'மக்கள்' என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணினேன். வேலையில்லாமல் அல்ல, வயிற்றெரிச்சலில்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் சாப்பிட வந்தார். புத்தகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "எழுத்துப்பிழை குறைவு" என்றேன். அதற்கே முகம் மலர்ந்துவிட்டது. சரி, மனுஷன் நல்ல மனநிலையில் இருக்கிறார், கேட்டுவிடலாம் என்று ஏழைப் பற்றிக் கேட்டேன்.

"வண்டி எண்ணிக்கை போதாதும்மா. எத்தனையோ தடவை கணக்கெடுத்தாச்சு. உங்க ஊர்லேருந்து மேல ஏறுற வண்டி ஒண்ணுகூட இல்ல."

"ஏற வழி இருந்தாத்தானே அண்ணா ஏறுவாங்க?"

"நீ சொல்றது புரியுது. ஆனா கணக்குல அப்படித்தான் வரும்."

இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டதில் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். 'உங்க ஊர்'! இந்த வீட்டில், அதோ அந்த மூலை அறையில் பிறந்தவர். பள்ளிக்கூடத்து முதல் பரிசை இந்த வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இப்போது உங்க ஊர்.

மார்ச் 12, வியாழன்

இரண்டாம் அத்தியாயம், வரலாறு. பொய் சொல்வதில்கூட ஒரு நறுவிசு வேண்டாமா? 'இப்பகுதி மக்கள் மனமுவந்து நிலம் அளித்தனர்.' அப்பா மனம் உவந்ததை நான் பார்த்தேனே. அளவுக்கல் நட வந்தவனைத் துரத்திக்கொண்டு ஒற்றைச் செருப்போடு தெருக்கோடி வரை ஓடினார். அண்ணனும்தான் பார்த்தார். அதற்கு அடுத்த வருஷமே அதே ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதைவிட மோசம் அடுத்த பக்கம். சாலையால் விளைந்த நன்மைகளாம். 'பெரிய மருத்துவமனை எளிதில் எட்டும் தொலைவில் வந்துவிட்டதால், வழியிலுள்ள சிறு ஊர்களின் பிரசவப் பிரிவுகள் தேவையற்றவையாகி மூடப்பட்டன.' தேவையற்றவையாகி! எட்டும் தொலைவு! யாருக்கு? காக்காய்க்கா?

வழக்கம்போலத் திருத்தங்களைச் சிவப்பில் போட்டேன். சந்தேகங்களைப் பென்சிலில் எழுதி வட்டம் போட்டேன். அது எழுதியவர் பார்த்துப் பதில் சொல்வதற்கு. அட்டவணையில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் பென்சிலை நன்றாக அழுத்தி எழுதினேன்: '7 எங்கே?'

முதலாளி எட்டிப் பார்த்தார். "நமக்குத் திருத்துறதுதாம்மா வேலை. கேள்வி கேக்கிறது இல்ல."

"இது சந்தேகம் சார். புரூஃப்ல சந்தேகம் கேக்கலாம்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மார்ச் 20, வெள்ளி

மகளைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய சாலையில், ஊரைச் சுற்றிக்கொண்டு. ரயில்வே கேட் மூடியிருந்தது. மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வெளியே பார்க்கவில்லை.

போன வருஷம் இதே கேட்டில்தான். வலி எடுத்து, ஆம்புலன்ஸ் வந்து, சரியான நேரத்துக்குத்தான் கிளம்பினோம். சரக்கு ரயில் குறுக்கே வந்து நின்றுகொண்டது. சிக்னல் கோளாறாம். பின்னால் லாரிகள் வரிசை கட்டிவிட்டன, திரும்பவும் முடியவில்லை. ஆம்புலன்ஸ் விளக்கு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மேலே, கண்ணுக்கு எதிரே, விரைவுச்சாலையில் கோழிக்கூண்டு ஏற்றிய லாரி ஒன்று பறந்து போனது. போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு மூச்சில்லை. ஆண் பிள்ளை. முடி நிறைய இருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். எங்களைப் பார்த்துக் கேட்டார்கள்.

இன்று டாக்டரம்மா சொன்னார்: "இந்தத் தடவையும் வலி சீக்கிரமே வந்துடலாம். வலின்னு தோணுன உடனே கிளம்பிடணும். படுக்கை கடைசி வாரத்துலதான் கொடுக்க முடியும்." கடைசி வாரம் என்றால் ஜூன் மாத முடிவு. பக்கத்தில் அறை எடுத்துத் தங்கலாம் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, "நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு மூணு மாசம் லாட்ஜ்ல உக்கார முடியாதும்மா, பைத்தியம் பிடிச்சிடும்" என்றுவிட்டாள். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். தொலைபேசியில் "பாத்துக்கோங்க அத்தை" என்கிறார். என்ன பார்த்துக்கொள்வது? ரயில் வருகிறதா என்றா?

ஏப்ரல் 11, சனி

எழுதக் கை வரவில்லை. கோபமா சிரிப்பா என்றே தெரியவில்லை.

இன்று விழா. அச்சகத்துக்காரர்களுக்குக் கடைசி வரிசை. மலரை எல்லோர் மடியிலும் வைத்தார்கள். மேடையில் தலைமை விருந்தினர் அதைத் திறந்து, பாதையை அப்படியே கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினார். கம்பீரமான குரல். "ஐந்து, தானியக் கிடங்கு! ஆறு, கல்குவாரி! ஏழு, எங்கே! எட்டு, பெரிய ஆஸ்பத்திரி!"

எங்கே என்பதை ஓர் ஊரின் பெயர் என்று நினைத்துவிட்டார்.

பிறகு எங்கள் ஊர் ஆட்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், பந்தல் ஆடியது. விருந்தினரும் நம் பேச்சு எடுபடுகிறது என்று நினைத்துச் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மேடையில் அவர் காது சிவந்தது கடைசி வரிசைக்குத் தெரிந்தது.

என் மடியிலிருந்த மலரைத் திறந்தேன். என் பென்சில் வரி அட்டவணைக்குள் அச்சாகியிருந்தது. தடித்த எழுத்தில், கோடு தப்பாமல், கேள்விக்குறியோடு.

ஏப்ரல் 13, திங்கள்

நடந்தது இதுதான். அசல் தொலைந்துவிடக் கூடாது என்று முதலாளி இப்போதெல்லாம் புரூஃபை ஜெராக்ஸ் எடுத்துத்தான் பக்கம் போடுபவரிடம் கொடுக்கிறார். ஜெராக்ஸில் சிவப்பும் கறுப்பு, பென்சிலும் கறுப்பு. பக்கம் போடுபவருக்கு அச்சகத்தில் 'அப்படியே' என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் "எழுதினதை அப்படியே போட்டுட்டேன்" என்பார். போட்டுவிட்டார். கடைசிப் புரூஃப் அண்ணனுக்குப் போனது நான் ஆஸ்பத்திரிக்குப் போன வெள்ளிக்கிழமை. கையெழுத்தாகி அன்று மாலையே திரும்பியிருக்கிறது.

அண்ணன் தொலைபேசியில் பிடிபிடியென்று பிடித்தார். "வேணும்னே பண்ணினியா?"

"இல்லண்ணா. அவ்வளவு புத்தி எனக்கு இருந்திருந்தா என்னைக்கோ பண்ணியிருப்பேன்."

"நீ பாத்ததாச்சேன்னு படிக்காம கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

சிரித்தால் என்ன? சிரிப்பினால் யாராவது செத்தார்களா? கேட்டேன். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 16, வியாழன்

மீதியிருந்த பிரதிகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வரியின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்ட வேண்டும். ஒட்டும் வேலை எனக்கும் அப்படியேவுக்கும். நாள் முழுக்கப் பசையும் விரலுமாக உட்கார்ந்திருந்தோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே '7 எங்கே?' தெரிகிறது. 'அப்படியே' ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நான் அடுத்த பிரதிக்குப் பசை தடவினேன். மெல்லிசான காகிதமாகப் பார்த்துத்தான் அவர் எடுத்து வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஊரில் வேறு வேலையே இல்லை. ரொட்டிக்கடைச் சுவரில் '7 எங்கே?' மேட்டின் சரிவில் ஆளுயரச் சுண்ணாம்பு எழுத்தில் '7 எங்கே?' பேருந்தில் நடத்துநர், "எங்கே வரைக்கும் எத்தனை டிக்கெட்?" என்கிறார். தெருவில் போனால் கை கொடுக்கிறார்கள். எனக்குக் கை வேண்டாம். வழி வேண்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

வேலை முடிந்து அந்த இரும்புக் கதவு வரை நடந்து போனேன். திறந்திருந்தது! புல் வெட்டும் லாரி ஒன்று ஜல்லி மேட்டில் ஏறி, அலுங்காமல் குலுங்காமல் விரைவுச்சாலையில் சேர்ந்து போனது. தார் இல்லையே என்று அது அழவில்லை. சாவி வைத்திருப்பவர் கதவை மறுபடி பூட்டினார்.

"ஆம்புலன்ஸ் வந்தா திறப்பீங்களா?"

"பராமரிப்பு வண்டிக்கு மட்டும்தாம்மா உத்தரவு. எனக்கு மட்டும் பூட்டி வைக்கணும்னு ஆசையா?"

நின்ற இடத்திலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன். புது வழி கேட்கவில்லை, தார் கேட்கவில்லை, பலகை கேட்கவில்லை. இந்த ஒரு பூட்டை ஆம்புலன்ஸுக்குத் திறக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்.

"இல்லாத எக்ஸிட்டுக்கு நான் எப்படி அனுமதி கொடுக்கிறது?"

"புல்லு வெட்டுற லாரி அதுலதானே இப்ப ஏறிப் போச்சு?"

"அது எக்ஸிட் இல்லம்மா. அது பராமரிப்பு நுழைவு."

எப்படியெல்லாம் பெயர் வைக்கிறார்கள்!

மே 6, புதன்

இன்றைய பத்திரிகையில் கால் பக்க அறிவிப்பு. விரைவுச்சாலை மேம்பாட்டுப் பணிகள், இரண்டாம் கட்டம். மூன்றாவது தடம். புது விளக்குகள். நடுவில் பூச்செடி. நான்காவதாக: 'பயணிகளின் வசதிக்காக இறங்குவழிகளின் எண்கள் மாற்றியமைக்கப்படும். இனி ஒவ்வொன்றும் துறைமுகத்திலிருந்து உள்ள கிலோமீட்டர் தூரத்தையே எண்ணாகக் கொள்ளும்.'

முதலில் புரியவில்லை. மறுபடி படித்தேன். கல்குவாரி இனி 41. பெரிய ஆஸ்பத்திரி 58. நடுவில் எண் விட்டுப்போகவில்லை. ஏனென்றால் எங்கேயும் வரிசையே இல்லை. ஏழு எங்கே என்று இனி யாராலும் கேட்க முடியாது. ஆறும் எட்டும் இருந்தால்தானே ஏழு!

அடப்பாவிகளா. இருபத்தைந்து வருஷமாகக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லச் சொன்னால் கேள்வியையே தூக்கிவிட்டார்களே. ஒரு டப்பா தார் ஊற்ற வக்கில்லை, சாலை நெடுகப் புதுப் பலகை வைக்க மட்டும் எங்கிருந்து வந்தது? இதை யோசித்தது யார் என்று எனக்குத் தெரியும். இப்படிச் சுத்தமாக யோசிக்க அந்த ஆபீஸில் ஒரே ஒரு மூளைதான் உண்டு. எங்கள் வீட்டு மூளை. சின்ன வயதில் நான் கணக்குத் தப்பாகப் போட்டால் ஸ்லேட்டைப் பிடுங்கி எச்சில் தொட்டு அழித்துவிட்டு, "இப்ப தப்பே இல்ல பாரு" என்பார். அதே ஆள். அதே எச்சில்.

பேசவே போவதில்லை இனி. செத்தாலும்.

மே 9, சனி

மேட்டில் சுண்ணாம்பு எழுத்தை ஆணையத்தார் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். தண்ணீர் லாரி எந்த வழியாக ஏறியது என்று எழுதத் தேவையில்லை.

மே 17, ஞாயிறு

அண்ணன் வந்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் சின்னப் பிள்ளை மாதிரி. இருக்கட்டும்.

கூடத்தில் மகள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரலை உயர்த்தவே மாட்டாள், எனக்கு நேர் எதிர். கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. புல்லு வெட்டுற வண்டிக்கு அந்தக் கதவு திறக்குது. செடிக்குத் தண்ணி ஊத்துற வண்டிக்குத் திறக்குது. நான் என்ன வண்டியில வந்தா திறப்பீங்க?"

நாற்காலி நகரும் சத்தம். செருப்பு மாட்டும் சத்தம். அவ்வளவுதான். சாப்பிடாமல் போய்விட்டார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. என் வயித்தைப் பாத்தாரு. அப்புறம் கடிகாரத்தைப் பாத்தாரு."

அவர் பார்ப்பார். பார்க்கத்தான் தெரியும்.

மே 29, வெள்ளி

அச்சகத்துக்கு ஆணையத்திலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. சுற்றறிக்கை. மேலே பென்சிலில் அண்ணனின் கையெழுத்து: 'தங்கை மட்டும் பார்க்கவும்.' வழவழவென்று போகிறது, பராமரிப்பு நுழைவு, பராமரிப்புப் பொறுப்பாளர், பராமரிப்பு நேரம். மூன்றாவது பத்தியில் பராமரிப்பு வாகனங்கள் எவை எவை என்ற விளக்கம். 'புல்வெட்டு வண்டி, தண்ணீர் வண்டி, தார் வண்டி, ஆம்புலன்ஸ், மின்விளக்குப் பழுதுபார்க்கும் வண்டி.'

திரும்பத் திரும்பப் படித்தேன். தார் வண்டிக்கும் விளக்கு வண்டிக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தது. எக்ஸிட் என்று எங்கும் இல்லை. எங்கள் ஊர் பெயரும் இல்லை. எந்த அதிகாரியும் இதைப் படித்துத் திடுக்கிட மாட்டார். அவ்வளவு சலிப்பான தாள்.

ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்பில் போட்டேன். இந்த முறை பென்சிலைத் தொடவே இல்லை. ஜெராக்ஸ் எடுக்க விடாமல் அசலையே அப்படியேவிடம் கொடுத்தேன்.

நம்பவில்லை. கையெழுத்தாகட்டும். சாவிக்காரருக்குப் போய்ச் சேரட்டும். இவர்கள் எதையும் நடுவழியில் விட்டுவிட்டுப் போகிற ஆட்கள்.

ஜூன் 4, வியாழன்

சாவிக்காரரைப் பார்த்தேன். "வந்துடுச்சும்மா தாளு" என்றார். சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருக்கிறார்.

ஜூன் 9, செவ்வாய்

காலை. துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே மகளுக்கு வலி. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது.

ஜூன் 11, வியாழன்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெண் குழந்தை. மகள் நன்றாக இருக்கிறாள். தொண்டை கிழியக் கத்துகிறது குழந்தை, என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது.

போன வழியை எழுத வேண்டும். தெருமுனையில் வண்டி ரயில்வே கேட் பக்கம் திரும்பாமல் மேட்டுப் பக்கம் திரும்பியது. சாவிக்காரர் விளக்கைப் பார்த்ததும் ஓடி வந்து திறந்தார். ஜல்லியில் கொஞ்சம் உலுக்கியது. மகள் என் கையை நசுக்கினாள். மேலே ஏறியதும் ஒரே வழுக்கல், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன், விடுவதற்குள் 58 என்று புதுப் பலகை வந்துவிட்டது. "சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நர்ஸ் தோளைத் தட்டினாள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன வருஷமும் அந்தக் கதவு அங்கேதான் இருந்தது. அந்த ஜல்லியும் இருந்தது. சாவியும் ஒரு பையில் இருந்தது. வேண்டியிருந்தது ஒரு சொல். தார் வண்டிக்கும் விளக்கு வண்டிக்கும் நடுவில் ஒரே ஒரு சொல். அதை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் ஒற்று போட்ட நேரம்கூட ஆகியிருக்காது.

மாலையில் அண்ணன் வந்தார். ஆபீஸ் சட்டையோடு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை. வந்து என் பக்கத்தில் நின்று என் மடியிலிருந்த குழந்தையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

"தூங்குறா" என்றேன்.

குழந்தை கண்ணை அகலத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.